மலைப் பாறை செவல் மண்ணான கதை



ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குப் போகிறோம். பேரருவித் தண்ணீர் பொங்குமாகடலில் விழுந்து பொங்கி வருவதைப் பார்க்கிறோம். தண்ணீர்தான் பாறையைத் தேய்க்கிறது என்று நினைப்போம். அது பாதிதான். மீதி வேலை காற்றுடையது.

நம் மலையில் நைஸ், சார்னகைட் என்ற கடினப் பாறைகள் அதிகம். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல் போயிருந்தது. அதை வைத்து 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் சார்னகைட் என்று பெயரிட்டார்.

இத்தனை உறுதியான கல் எப்படி மண்ணாகும்? காற்றில் உள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து, சோடாவில் இருப்பது போல லேசான அமிலமாகிறது. அது பாறையில் உள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களியாக்குகிறது. சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கரைந்து வெளியே வருகின்றன. கரையாத குவார்ட்ஸ் மணலாக நிற்கிறது. மழையில் கிடந்த மண்வெட்டி துருப்பிடிக்கிறதில்லையா? அதேபோல் பாறையில் உள்ள இரும்பைப் பிராணவாயு துருவாக்குகிறது. அதுதான் உங்கள் செவலின் சிவப்பு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியது. அதற்கு முந்திய மண் இப்படிச் சிவக்கவில்லை.

பாறை கரையும்போது காற்றின் கரியமில வாயுவும் குறைகிறது என்று 1845-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் எபல்மென் எழுதினார். அப்படிக் கரைந்தது சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்ந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. அங்கே சிப்பிக்கு ஓடாகிறது.

ஆனால் இது மிக மெதுவான வேலை. 1750 வாக்கில் காற்றில் 0.028 சதவீதமாக இருந்த கரியமில வாயு இன்று 0.042 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பாறை அதை உறிஞ்சி முடிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

நமக்கு இதில் என்ன பாடம்? ஓர் அங்குல மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். சரிவான மேட்டுநிலத்தில் சில பெருமழைகளே அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், வரப்பை உயர்த்துங்கள். தொழு உரமும் தழையும் இடுங்கள். வேரும் நுண்ணுயிரும் மண்ணுக்குள் விடும் மூச்சும் கல்லைக் கரைக்க உதவும். பாறை தரும் சாம்பல் சத்து ஒவ்வொரு கார், பிசான விளைச்சலுக்கும் போதாது. மண் பரிசோதனை செய்து, குறைவதை மட்டும் இடுங்கள்.