சைடு கொடுப்பது எப்படி? (சோழவரம் முதல் செபாங் வரை)

எங்க ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனா பஞ்சு லோடு லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா அதுவே மதுரை தூரமாத் தெரியும். எதிர்ல வண்டி வரலைன்னு பார்த்துட்டு லாரி டிரைவர் அண்ணாச்சி ஜன்னல் வழியா கையை நீட்டி ‘போ, போ’ன்னு ஆட்டுவார் பாருங்க, அதுக்குப் பேர்தான் சைடு கொடுக்கிறது. அந்த நேரத்துல அவர் ஸ்டியரிங்கை ஒடிக்க மாட்டார், சடார்னு பிரேக்கும் போட மாட்டார்.

இந்தப் பாடம் எனக்குப் புரிஞ்சது ஒரு கோ-கார்ட் டிராக்குல. ஆபீஸ் கோஷ்டியோட போயிருந்தேன். பின்னாடி வேகமா ஒருத்தன் வர்றதைப் பார்த்ததும் மரியாதையா ஒதுங்குறேன்னு நினைச்சு வளைவு நடுவுல உள்பக்கம் ஒடிச்சேன். அவனும் அதே பக்கம்தான் வந்துக்கிட்டு இருந்தான். ரெண்டு பேரும் டயர் சுவத்துல :-) அவன் திட்டினதுல நியாயம் இருந்துச்சு.

நம்ம ஊர்ல கார் ரேஸ்ங்கிறது பொழுதுபோக்காத்தான் வளர்ந்துச்சு. 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பிச்சாங்க. சென்னைக்குப் பக்கத்துல சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம்தான் ரேஸ் மைதானம். வீட்டு அம்பாசடரையும் ஃபியட்டையும் முடுக்கி ஓட்டினவங்க ஒரு பக்கம். 1980களின் தொடக்கத்துல பழைய ஃபார்முலா ஒன் கார் என்சைனைக் கொண்டு வந்து ஓட்டின விஜய் மல்லையா இன்னொரு பக்கம். வேகத்துல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில சொந்த டிராக் வந்தது.

இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் நீலக்கொடி. ஃபார்முலா ஒன்ல அது உத்தரவு. ஒரு சுற்று முந்தப்போற கார் பின்னாடி வந்தா, முடிஞ்சவரை சீக்கிரம் வழிவிடணும். அமெரிக்காவுல எஸ்.சி.சி.ஏ. நடத்தற அமெச்சூர் ரேஸ்ல மஞ்சள் கோடு போட்ட நீலக்கொடி வெறும் தகவல்தான்: ‘பின்னாடி ஆள் வர்றான், பார்த்துக்கோ.’ மெதுவா போறவர் தன் பாதையிலேயே போகலாம், பத்திரமா முந்துறது முந்துறவர் வேலை. போட்டியில்லாத டிராக் நாட்கள்ல, முன்னாடி போறவர் எந்தப் பக்கம் முந்தலாம்னு கையை நீட்டிக் காட்டுவார். அட, நம்ம லாரி அண்ணாச்சி ஸ்டைல்!

உத்தரவு இருந்தும் எப்படிச் சிக்கலாகும்னு காட்டினது 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங். மழைக்கு அப்புறம் டிராக் காய்ஞ்சுக்கிட்டு இருந்தது. ஓடின தடம் மட்டும்தான் நல்லாக் காய்ஞ்சிருக்கும், ஒதுங்கினா ஈரம். நாலாவது இடத்துல வந்த வெட்டல், நம்ம நரேன் கார்த்திகேயனோட ஹெச்.ஆர்.டி. காரைக் கடக்கும்போது ரெண்டும் உரசி, வெட்டலோட பின் டயர் பஞ்சர். பதினோராவது இடம், பூஜ்யம் புள்ளி. ரேஸ் முடிஞ்சதும் நரேனை வெட்டல் ஜெர்மன் பாணியில ‘வெள்ளரிக்காய்’னு திட்டினார். நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை கொடுத்தாங்க. அந்த வருஷம் வெட்டல் சாம்பியன் ஆனது அலோன்சோவை விட வெறும் 3 புள்ளி கூடுதலா வாங்கித்தான். நாலாவது இடத்துக்கு 12 புள்ளி. நூலிழையில தப்பிச்சார்னு சொல்லணும்.

அதே வருஷம் நவம்பர்ல அபுதாபி. ஹைட்ராலிக் கோளாறால நரேன் திடீர்னு வேகம் குறைக்க, பின்னாடி வந்த ரோஸ்பெர்க் கார் அவர் மேலேயே ஏறிப் பறந்தது. நல்லவேளை, ரெண்டு பேருக்கும் அடி இல்லை. இங்கே மரியாதைக் குறைவு எதுவுமே இல்லை. முன்னாடி போற கார் என்ன செய்யப்போகுதுன்னு பின்னாடி இருக்கிறவருக்குத் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்.

நம்மள்ல பல பேர் மெதுவா ஓட்டுறதே குத்தம்னு நினைக்கிறோம். டிராக்குல யாராவது ஒருத்தர் கடைசியா வந்துதானே ஆகணும்? மெதுவா போறதுல தப்பில்ல, கணிக்க முடியாமப் போறதுதான் ஆபத்து. வேகமா வர்றவருக்கும் ஒரு கடமை இருக்கு: முன்னாடி போறவர் தன்னைப் பார்த்துட்டாரான்னு தெரியாம மூக்கை நுழைக்கக் கூடாது.

அடுத்த தடவை கார்ட்ல உட்கார்ந்தா பதறி ஒடிக்க மாட்டேன். நேரா போவேன், கையைக் காட்டுவேன். பஞ்சு லாரி அண்ணாச்சிக்கு ஒரு வணக்கம்.