எந்த வேலைக்கு எந்தக் கணினி? - அட்டைக்கட்டு முதல் கிளவுட் வரை



இந்த முறை எடுத்துக்கொண்ட தலைப்பு கிளவுட் கம்ப்யூட்டிங். கிளவுடில் கணக்குத் தொடங்குவது எப்படி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்றெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே போனவுடன் நூற்றுக்கணக்கான வகைக் கணினிகள் பட்டியலாக வந்து நிற்கின்றன. நினைவகம் அதிகம் உள்ளது, செயலி வேகமானது, ஜிபியு உள்ளது, மலிவானது ஆனால் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளப்படுவது... ஏன் இத்தனை வகை? நம் வேலைக்கு எது?

ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பலர் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் விடை: "இருப்பதிலேயே பெரியதாக எடு." மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் விழிக்கிறார்கள். இந்த வகைகள் ஒவ்வொன்றும் எப்போது, எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபமாகிவிடும். அதனால்தான் இது ஒரு வரலாற்றுக் கட்டுரை.

கும்பகோணத்துக்காரர்களுக்கு அடிப்படையைப் புரியவைப்பது எளிது. நம் ஊர் பாத்திரத்துக்குப் பெயர்போன ஊர். ஆனாலும் கல்யாணத்துக்கு அண்டாவை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். தினமும் காபி குடிக்கும் டபரா டம்ளரை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. கிளவுடில் பாதி விஷயம் இவ்வளவுதான். மீதிப் பாதியைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

ஒரே கணினி, நீண்ட வரிசை

இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கணினி 1955-ல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்ட ஹெச்.இ.சி. 2எம். மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே கட்டிய டிஃப்ராக் 1960-ல் வேலையைத் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 வந்தது. தமிழ்நாட்டுக்குப் பெரிய கணினி வந்தது 1973-ல். மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது.

அப்போது "எந்தக் கணினி?" என்ற கேள்வியே கிடையாது. இருப்பது ஒன்று. துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதி, கட்டாகக் கட்டி, கணினி மையத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஒரு அட்டையில் 80 எழுத்துகள். முறை வரும்போது ஓடும். பிறகு போய் அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப்பிழை இருந்தால் மறுபடி வரிசைக்கே போக வேண்டும்!

கணினி விலை உயர்ந்தது, மனிதனின் நேரம் மலிவானது என்ற கணக்கில் உருவான முறை இது. இதைக் கேலி செய்ய வேண்டாம். அவசரமில்லாத வேலைகளைச் சேர்த்துவைத்து வரிசையாக ஓட்டும் இந்த 'பேட்ச்' முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. வங்கிகள் இரவில் வட்டிக் கணக்குப் போடுவது இப்படித்தான்.

பகிர்ந்துகொள்ளும் யோசனை

ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் என்ன? 1961-ல் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்ற நேரப் பகிர்வு முறையைச் செய்து காட்டினார்கள். அதே ஆண்டு அங்கே பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணினியும் ஒருநாள் பொதுச்சேவையாக வரலாம் என்றார். கிளவுட் என்ற சொல்லுக்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லப்பட்ட கருத்து இது.

அடுத்த படி 1972-ல் வந்தது. ஐ.பி.எம். வெளியிட்ட வி.எம்./370 என்ற மென்பொருள், ஒரே இயந்திரத்துக்குள் பல 'மெய்நிகர் இயந்திரங்களை' உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருப்பது போலத் தோன்றும், உள்ளே இருப்பது ஒன்றுதான். இன்று கிளவுடில் நாம் எடுக்கும் பெரும்பாலான கணினிகள் இந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்.

வேலைகள் பிரிந்தன

1980களில் இந்தியாவில் இரண்டு பெரிய வேலைகள் கணினியைத் தேடி வந்தன. ஒன்று ரயில் முன்பதிவு, மற்றொன்று வானிலைக் கணிப்பு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

ரயில் முன்பதிவில் கணக்கு மிகச் சிறியது. இருக்கை காலியா, இல்லையா? ஆனால் பல கவுன்டர்களில் இருந்து ஒரே நேரத்தில் ஒரே வண்டியைக் கேட்பார்கள். ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிடக் கூடாது. 1985-86-ல் புதுதில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. பிறகு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள். எல்லா வண்டிகளையும் ஒரே கணினியில் குவிக்காமல் மையவாரியாகப் பிரித்து வைத்தார்கள். 1999-ல் ஐந்தும் ஒரே வலையமைப்பாக இணைந்தன.

வானிலையில் நிலைமை தலைகீழ். கேட்பவர் ஒருவரே, ஆனால் கணக்கு மலை போல. ஒரே வகைக் கணக்கை லட்சக்கணக்கான எண்களின் மேல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்காக 1980களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து தில்லிக்குக் கிரே எக்ஸ்-எம்.பி. சூப்பர் கணினி வாங்கப்பட்டது. அதைவிடப் பெரியதைக் கொடுக்க அமெரிக்கா தயங்கியது. 1988-ல் புனேயில் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 வந்தது. ஒரே ராட்சதச் செயலிக்குப் பதிலாகப் பல சிறிய செயலிகளை இணைத்து வேலையைப் பங்குபோட்டார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. கிரே கணினியை ரயில்வேக்குக் கொடுத்திருந்தால் அதன் வலிமை வீணாகியிருக்கும். ரயில்வேயின் கணினியை வானிலைக்குக் கொடுத்திருந்தால், நாளைய மழைக்கான கணிப்பு நாளை மறுநாள் வந்திருக்கும் :-)

2006: மணிக்கணக்கில் வாடகை

அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டில் இ.சி.2 என்ற கணினி வாடகைச் சேவையையும் வெளியிட்டது. தொடக்கத்தில் ஒரே ஒரு அளவுதான்: 1.7 ஜிபி நினைவகம், 160 ஜிபி வட்டு. வாடகை மணிக்கு 10 சென்ட். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ நாலரை ரூபாய்.

பிறகு வந்த ஒவ்வொரு வகையும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்தது. ஆண்டு முழுக்க ஓடும் வேலைக்கு முன்பணம் கட்டி விலையைக் குறைக்கும் முறை 2009 மார்ச்சில் வந்தது. மீந்துகிடக்கும் கணினிகளைக் குறைந்த விலைக்குத் தரும் 'ஸ்பாட்' முறை அதே ஆண்டு டிசம்பரில். கூட்டத்துக்கு ஏற்பத் தானாகக் கூடிக் குறையும் வசதியும் 2009-தான். 2010-ல் ஜிபியு உள்ளவை. எப்போதாவது கோப்பைத் தேடுபவர்களுக்காக மலிவான கிளேசியர் சேமிப்பு 2012-ல். பெரும்பாலும் தூங்கி அவ்வப்போது விழிக்கும் தளங்களுக்கு ஏற்ற டி2 வகையும், சர்வரையே கண்ணில் காட்டாத லாம்ப்டாவும் 2014-ல்.

தூரப் பிரச்சினையும் குறைந்தது. 2015-ல் மைக்ரோசாஃப்டின் அஸூர் சேவை சென்னை, மும்பை, புனே ஆகிய இடங்களில் மையங்களைத் திறந்தது. 2016-ல் அமேசானும் 2017-ல் கூகுளும் மும்பைக்கு வந்தன. இந்திய அரசும் 2014-ல் 'மேகராஜ்' என்ற பெயரில் தேசிய கிளவுடைத் தொடங்கியது.

மகாமகமும் தட்கலும்

"கிளவுடில் கூட்டம் வந்தால் கணினியைக் கூட்டிக்கொள்ளலாம், பிரச்சினையே இல்லை" என்று சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை நம் ஊரே நமக்குச் சொல்லித்தரும்.

2011 கணக்கெடுப்பின்படி கும்பகோணம் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,40,000. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்துக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். அதற்காக யாரும் ஊரையே பெரிதாகக் கட்டிவைப்பதில்லை. தற்காலிகப் பேருந்து நிலையங்கள், சிறப்பு ரயில்கள், வெளியூர்க் காவலர்கள் எல்லாம் வந்து, முடிந்ததும் போய்விடுவார்கள். இதைத்தான் கிளவுடில் எலாஸ்டிக் என்கிறோம்.

ஆனால் பேருந்தைக் கூட்டலாம், ரயிலைக் கூட்டலாம். குளம் ஒன்றுதானே? 1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளத்தருகே ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தார்கள். இன்னும் நிறையப் பேரை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வசதி அதைத் தடுத்திருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போவதுதான் ஆபத்து. 2016 மகாமகத்தில் பிப்ரவரி 13 முதல் 22 வரை பத்து நாளும் மக்கள் நீராடினார்கள். கூட்டம் நாட்களில் பிரிந்தது.

இப்போது ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 ஆகஸ்டில் இணைய முன்பதிவு தொடங்கியது. பொங்கல் முடிந்து சென்னை திரும்ப தட்கல் போட்டவர்களுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தை விளக்கத் தேவையில்லை. பக்கத்தைக் காட்டும் சர்வர்களை எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் இருக்கைக் கணக்கு ஒன்றுதான். எல்லாச் சர்வரும் கடைசியில் அந்த ஒரே குளத்தில்தான் இறங்க வேண்டும். 2014-ல் புதிய தலைமுறை மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். 2015 ஜூனில் இன்னொன்றும் செய்தார்கள். ஏ.சி. வகுப்புத் தட்கல் காலை 10 மணிக்கு, மற்ற வகுப்புகள் 11 மணிக்கு என்று பிரித்துவிட்டார்கள். மகாமகத்தைப் பத்து நாளாகப் பிரித்த அதே யுக்தி. இதற்குக் கூடுதல் கணினி எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே கூட்டம் வரும் வேலை என்றால் முதல் கேள்வி: குளம் எங்கே இருக்கிறது? தேர்வு முடிவு வெளியிடும் தளத்தில் முடிவுகளை யாரும் மாற்றப்போவதில்லை, படிக்க மட்டுமே போகிறார்கள். அதனால் பல பிரதிகள் எடுத்துப் பல சர்வர்களில் வைக்கலாம். ஆயிரம் குளம் வெட்டிய மாதிரி. முன்பதிவில் அது முடியாது. இரண்டுமே "ஒரே நாளில் பெரும் கூட்டம்" தான், ஆனால் வேண்டிய வசதி வேறு.

ராமானுஜனின் சிலேட்டு

நினைவகமா, சேமிப்பா என்ற குழப்பமும் பலருக்கு உண்டு. இதற்கு நம் சாரங்கபாணி சன்னதித் தெருக்காரரைப் பார்க்கலாம். கணித மேதை ராமானுஜனுக்குத் தாள் வாங்குவது கட்டுப்படியாகவில்லை. அதனால் கணக்கைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசியில் விடையை மட்டும் நோட்டில் எழுதினார்.

சிலேட்டுதான் நினைவகம். வேகமானது, ஆனால் நிற்காது. நோட்டுதான் சேமிப்பு. மெதுவானது, ஆனால் நிற்கும். பெரிய தரவை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அலசும் வேலைக்குப் பெரிய சிலேட்டு வேண்டும், அதாவது நினைவகம் அதிகமுள்ள கணினி. பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் வேலைக்கு மலிவான நோட்டு போதும். பாதியில் பிடுங்கப்படும் ஸ்பாட் கணினியில் வேலை செய்பவர்களுக்கும் ராமானுஜன் முறைதான்: இடையிடையே விடையை நோட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும். அப்படிச் செய்தால் சிலேட்டு பறிபோனாலும் வேலை முழுதாகப் போகாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வழிமுறையையும் எழுதிவைக்காவிட்டால் பின்னால் வருபவர்கள் பாடுபட வேண்டியிருக்கும். ராமானுஜனின் நோட்டுகளில் இருந்த முடிவுகளை நிரூபிக்க கணித உலகுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின!

துவாக்குடியில் ஒரு விடை

இத்தனை வரலாறும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே உள்ளது. தஞ்சாவூர் - திருச்சி சாலையில் துவாக்குடியில் உள்ள என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' சூப்பர் கணினி தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கணினித் திட்டத்தின் கீழ் வந்த இதன் வேகம் 838 டெராஃப்ளாப். அதன் உள்ளே ஒரே வகைக் கணினிகளை அடுக்கவில்லை. சாதாரணச் செயலி உள்ளவை, ஜிபியு உள்ளவை, நினைவகம் அதிகமுள்ளவை என்று கலந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களின் வேலைகள் ஒரே மாதிரி இருக்காது என்பதால்.

நமக்கு என்ன?

ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 730 மணி நேரம். ஒரு ப்ராஜெக்ட்டைச் செய்து காட்ட மாதத்தில் 20 மணி நேரம்தான் சர்வர் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுக்க அதைத் திறந்தே வைத்திருந்தால், கட்டும் பணத்தில் 97 சதவீதத்துக்கு மேல் சும்மா கிடக்கும் சர்வருக்குப் போகிறது. அது வீட்டில் அனுப்பும் பணம் என்பதை மறக்க வேண்டாம். மாறாக, இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் வேலையை மணிக்கணக்கு வாடகையில் வைப்பதும் நஷ்டம். அதற்கு முன்பணத் திட்டமோ சொந்தக் கணினியோ மேல்.

எனவே பட்டியலைத் திறப்பதற்கு முன் வேலையிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்:

1. எப்போதும் ஓடுமா, எப்போதாவது ஓடுமா?
2. அவசரமா, வரிசையில் காத்திருக்குமா?
3. கணக்கு பெரியதா, கேட்பவர் கூட்டம் பெரியதா?
4. பாதியில் நின்றால் தொடர முடியுமா?
5. எல்லோரும் கடைசியில் இறங்கும் ஒரே குளம் எது?

1973-ல் அட்டைக்கட்டோடு நின்ற மாணவருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பே இல்லை. அவருக்காக யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது, அதோடு பில்லும் நம் பெயரிலேயே வருகிறது. கேட்டுவிட்டு எடுப்போம்.