ஆடு தின்ற வேலி

அண்மையில் லண்டனில் வாழும் என் சின்னம்மாவின் மகன் தொலைபேசியில் பேசியபோது, தான் வாங்கிய ஆட்டிறைச்சிப் பொதியின்மேல் 'மூலிகைத் தீன் உண்டு வளர்ந்தது' என்று எழுதியிருந்ததாகவும், அதற்காகச் சில பவுண்கள் கூடுதலாகக் கொடுத்ததாகவும் சொன்னான். "அண்ணை, அச்சுவேலியிலை எங்கட அம்மம்மா வளர்த்த ஆடு வேறை என்னத்தைத் திண்டது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய கேள்வியன்று அது. செய்தித்தாளில் காலம் கழித்தவனுக்கு இத்தகைய கேள்விகள் உறக்கத்தைக் கெடுப்பவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேய்ச்சல் நிலம் குறைவு. மாரிமழை ஓய்ந்து சில மாதங்களில் தரவைகள் காய்ந்துவிடும். அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்தது வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பின்னாளில் வந்த சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை நட்டு வளர்த்த உயிர்வேலி, காணிக்கு எல்லையாகவும், வளவுக்கு மறைப்பாகவும், தோட்டத்துக்குத் தாழ்க்கும் பசளையாகவும், ஆட்டுக்குத் தீனாகவும் ஒரே நேரத்தில் பயன்பட்டது. கொக்கத்தடியால் குழை முறித்து, கட்டாகக் கட்டி, கொட்டிலின் வளையில் தொங்கவிடுவார்கள். நிலத்தில் விழுந்து மிதிபட்ட குழையை ஆடு தொடாது. பால்மறந்த குட்டிக்கு முள்முருக்கிலையும் பலாவிலையும், பூச்சிக்கு வேப்பங்கொழுந்து, வயிறு ஊதினால் ஓமமும் வேர்க்கொம்பும் உள்ளியும் சேர்த்து இடித்த உருண்டை. இதுவே எங்கள் அம்மம்மாவின் முறை. அவர் இதனை 'மூலிகைத் தீன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'குழை' என்றுதான் சொன்னார்.

செம்மறியின் வரலாறு சற்று வேறானது. யாழ்ப்பாணச் செம்மறி கம்பளி இல்லாதது. குட்டை மயிரும் வெப்பம் தாங்கும் உடலும் கொண்டது. அதனை வளர்த்ததன் முதன்மையான நோக்கம் இறைச்சியன்று, எரு. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயசு 1672இல் வெளியிட்ட நூலில் வலிகாமத்துக் கோயிற்பற்றுகளுள் அச்சுவேலியும் ஒன்றாக இடம்பெறுகிறது. அந்தச் செம்மண் ஆண்டு தவறாமல் புகையிலை தருவதற்கு ஆட்டெருவும் குழையும் இன்றியமையாதன. பகலில் தரவைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்ந்த மந்தையை இரவில் தோட்டத்தில் பட்டி அடைப்பார்கள். அதற்காகத் தோட்டக்காரர் பட்டிக்காரருக்குக் கூலி கொடுத்தார். ஆடு தின்ற குழையின் ஒரு பகுதி மண்ணுக்குத் திரும்பியது. மண் புகையிலையைத் தந்தது. புகையிலை காசைத் தந்தது. இறைச்சி இந்தச் சுற்றின் ஓரத்தில் கிடைத்த மேலதிக வரவு. அயலவர்கள் கூடி ஓர் ஆட்டைப் பங்கு போட்டு, ஓலையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

வேள்விக்கென்று நேர்ந்துவிட்ட கிடாய் மட்டும் விதிவிலக்கு. அதன் தீனில் வீட்டாரின் பெருமையும் கலந்திருந்தது. நாவலர் காலத்திலிருந்து உயிர்ப்பலிக்கு எதிர்ப்பு உண்டு. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றமும் அதற்குத் தடைவிதித்துத் தீர்ப்பளித்தது. அந்த விவாதம் இக்கட்டுரைக்கு உரியதன்று.

மேல்நாட்டு மந்தைகள் இதற்கு நேரெதிரான பாதையில் சென்றன. 1950இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரொக்ஸ்ராட், ஜூக்ஸ் என்னும் இருவர், அவ்ரியோமைசின் மருந்து தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தீனில் கலந்தால் கோழிக்குஞ்சுகள் விரைந்து வளர்வதாக அறிவித்தனர். அதன்பின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பண்ணைத் தீனில் ஓர் அங்கமாயிற்று. மருந்துக்குக் கட்டுப்படாத பற்றீரியாக்கள் பெருகும் என்று 1969இல் பிரித்தானியாவின் சுவான் குழு எச்சரித்தது. வளர்ச்சிக்காக இம்மருந்துகளைத் தீனில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முற்றாகத் தடைசெய்தது 2006 ஜனவரி முதலாந் திகதிதான். வெற்றிடமான அந்த இடத்துக்கே இலையும் வேரும் பட்டையும் 'தீன் சேர்க்கை' என்ற புதுப் பெயருடன் வந்து சேர்ந்தன.

அவற்றால் பயன் உண்டா? சிலவற்றில் உண்டு. இலைகளிலுள்ள துவர்ப்புப் பொருளாகிய தனின், அளவோடு இருந்தால், தீனிலுள்ள புரதத்தோடு பிணைந்து, அது முதல் இரைப்பையிலேயே சிதைந்துபோகாமல் குடல்வரை கொண்டுசெல்கிறது. இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழுக்களின் தொல்லையையும் ஓரளவு தணிக்கிறது. வளரும் குட்டிகளை மெலியவைப்பதிலும் கொல்வதிலும் அந்தப் புழுவுக்குப் பெரும் பங்குண்டு. ஸ்பெயினின் முர்சியாப் பல்கலைக்கழகத்தார், எண்ணெய் வடித்தபின் எஞ்சும் ரோஸ்மேரி, தைம் இலைகளைத் தாய்ச்செம்மறிகளுக்கு ஊட்டிப் பார்த்தனர். அவற்றின் குட்டிகளின் இறைச்சியில் கொழுப்புக் காறுவதும் நிறம் மங்குவதும் தாமதமாயின. பசுந்தழையிலுள்ள வைற்றமின் ஈயும் தசையில் தங்கி இதே பணியைச் செய்வது நெடுங்காலமாக அறியப்பட்டது.

ஆகவே நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என்று மார்தட்டலாமா? நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். அம்மம்மாவின் ஆட்டிறைச்சியை எவரும் அளந்து பார்க்கவில்லை. அது சுவையாக இருந்தது என்பது எங்கள் பசியின் சாட்சியமாகவும் இருக்கலாம். இலை என்றால் கேடில்லை என்பதும் பிழை. இப்பிலிப்பில் மரத்தின் இலையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. அதையே தின்ற கால்நடைகளுக்கு மயிர் கொட்டும், தைரொயிட் வீங்கும். அவுஸ்திரேலியாவில் இத்தொல்லை இருந்தபோது ஹவாய்த் தீவு ஆடுகள் மட்டும் நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். அவற்றின் இரைப்பையில் அந்த நஞ்சை முறிக்கும் பற்றீரியா இருந்தது. அதனை எடுத்து அவுஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்துக் குணங்கண்டனர். அம்மம்மா ஒரே இலையைத் தொடர்ந்து போடமாட்டார். "ஒண்டையே போட்டா வயித்துக்கு ஒத்துவராது" என்பார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் கொக்கத்தடியைக் கையில் தந்து அனுப்பிவிடுவார்.

1995 ஒக்ரோபரில் இராணுவம் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி வழியாக முன்னேறியது. அம்மாதம் 30ஆந் திகதி வலிகாமமே வெறுமையாயிற்று. ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டு மக்கள் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அடுத்த ஆண்டு திரும்பியவர்கள் கண்டவை ஆளில்லாக் கொட்டில்களும் கட்டுக்கடங்காமல் வளர்ந்த வேலிகளும். அச்சுவேலிக்கு வடக்கே வளலாய் மக்களின் காணிகளில் ஒரு பகுதி 2015இல்தான் விடுவிக்கப்பட்டது. இத்தனை ஆண்டு இடைவெளியில் பட்டிகளோடு, எந்தக் குட்டிக்கு எந்தக் குழை எவ்வளவு என்ற கணக்கும் கலைந்துபோயிற்று. பின்னர் வெளிநாட்டுக் காசு வந்தது. கதியால் நின்ற இடங்களில் கொங்கிறீற் மதில் எழுந்தது. மதில் கட்டியவர்களுள் என் லண்டன் தம்பியும் ஒருவன். அந்தச் செலவில் நானும் பங்கு கொடுத்தேன். மதிலில் குழை முறிக்க முடியாது. ஆடு வளர்க்கும் அயல்வீட்டுப் பெண், குழைக்காக இப்போது கோயிலடி வேலிவரை நடக்கிறார்.

தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி நாட்டு மருந்துகளை அளவோடு எழுதி வைத்தார். பசுவின் மடிவீக்கத்துக்குக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்று கிராமத்துக் கைவைத்தியம் ஒன்றுக்கு எடைக்கணக்கு இருக்கிறது. அம்மம்மாவின் உருண்டைக்கு அப்படி ஒரு கணக்கில்லை. உள்ளியில் எத்தனை பல்லு என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. பத்தமேனி, இடைக்காடு, தம்பாலைப் பக்கத்து வாசகர்கள் வீட்டில் பழைய கொப்பியோ, நினைவோடு இருக்கும் பெரியவர்களோ இருந்தால், இலையின் பெயரையும் அளவையும் கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள்.