பின்னலும் நிழலும்: கோப்பாய்க் கிடுகும் உலோக வலைத் திரையும்

கட்டடக்கலை வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கோபுரங்களும் அரண்மனைகளுமே பேசப்படுவது வழக்கம். கல் நிலைத்து நிற்பது. ஆதலால் அது வரலாறாகின்றது. ஓலையோ ஈராண்டில் உக்கி மண்ணோடு மண்ணாவது. ஆதலால் அது வரலாற்றின் வேலிக்குப் புறத்தே விடப்படுகின்றது. கோப்பாயைப் பற்றி எழுதுவோரும் 1560 இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது யாழ்ப்பாண மன்னன் பின்வாங்கிச் சென்ற இடம் என்ற செய்தியிலிருந்தே தொடங்குவர். அச்செய்தியின் முக்கியத்துவம் மறுக்கற்பாலதன்று. ஆயினும், மன்னன் வந்து போன ஒரு பருவத்தைக் காட்டிலும், இவ்வூரில் வாழ்ந்த மக்கள் ஆண்டுதோறும் வெயிலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது நீண்ட வரலாறு. அவ்வரலாற்றின் மையத்தில் நிற்பது கல்லன்று, பின்னல்.

இன்று மேலைநாடுகளில் பெருங்கட்டடங்களின் வெளிப்புறத்தே உருக்குக் கம்பிகளால் நெய்யப்பட்ட வலைத் திரைகளைத் தொங்கவிட்டு வெயிலைத் தடுக்கும் முறை பரவியுள்ளது. இது புதுமை எனப் போற்றப்படுகின்றது. பொருளளவில் அது புதுமையே. தத்துவத்தின் அளவில் அது எமது பாட்டிமார் முற்றத்திலிருந்து பின்னிய கிடுகிலிருந்து வேறுபட்டதன்று என்பதையும், அத்தத்துவத்தை நாம் எக்காரணங்களால் கைவிட்டோம் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வெயிலின் இயல்பை நோக்குதல் வேண்டும். கோப்பாய் வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 9.7 பாகையில் அமைந்துள்ளது. ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களிலும் ஓகஸ்ட் மாத இறுதியிலும், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். உச்சிவெயிலைக் கூரை தாங்கிக்கொள்ளும். அதனாற் சுவருக்குத் தீங்கில்லை. தீங்கு செய்வது காலை வெயிலும் மாலை வெயிலுமே. சித்திரை மாதத்தில் மாலை நான்கு மணியளவிற் சூரியன் மேற்கு அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கும். அவ்வேளையில் 8 அடி உயரமுள்ள மேற்குச் சுவர் ஒன்றைக் கூரையின் தாழ்வாரத்தால் மட்டும் மறைப்பதாயின், அத்தாழ்வாரம் ஏறக்குறைய 14 அடி நீண்டிருத்தல் வேண்டும். அத்தகைய தாழ்வாரத்தை எவரும் கட்டுவதில்லை. ஆகவே சாய்வெயிலைத் தடுக்கக் கூரை போதாது. சுவருக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும் திரையொன்று வேண்டும். அத்திரை காற்றையும் அடைத்துவிடுமாயின் வீடு சூளையாகும். வெயிலை மறித்துக் காற்றை விடவேண்டும் என்ற இவ்விரட்டைத் தேவைக்கு மனிதன் கண்ட விடையே பின்னல்.

யாழ்ப்பாணத்தில் இத்திரை மூன்று நிலைகளில் அமைந்திருந்தது. வளவின் எல்லையில் நின்ற கிடுகு வேலி முதலாவது. பூவரசும் கிளுவையும் முருங்கையும் கதிகால்களாக நிற்க, அவற்றுக்கிடையே கிடுகோ பனையோலையோ கருக்குமட்டையோ வைத்து அடைக்கப்பட்டது அவ்வேலி. ஒழுங்கையிலும் முற்றத்திலும் அது நிழல் பரப்பியது. கதிகால்களின் தழை அந்நிழலைக் குளிர்வித்தது. விறாந்தையின் மேற்குப் பக்கத்தே கட்டப்பட்ட தட்டி இரண்டாவது. வெயிலேறும்போது அதனை இறக்கிவிடுவர். வெயில் தணிந்ததும் உயர்த்திக் கட்டுவர். மூன்றாவது அடுக்களையின் செத்தை. புகை வெளியேறவும் காற்று உட்புகவும் இடங்கொடுத்த செத்தை, சுவர் என்றும் சாளரம் என்றும் பிரித்தறிய முடியாத ஒன்றாகும்.

கிடுகின் உற்பத்தி முறை சிறிது விரித்துரைக்கத்தக்கது. தென்னோலையை நடுநரம்பு வழியே இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்து, பதமானபின் ஒவ்வோர் இலைக்கீற்றையும் ஒன்று விட்டொன்றாக மேலும் கீழுமாகச் செலுத்திப் பின்னுவர். நெசவின் இலக்கணமும் இதுவே: ஊடும் பாவும் மாறிமாறி ஏறி இறங்குதல். தறி மட்டும் இல்லை. பின்னுபவரின் காலும் கையுமே தறியாகின்றன. பின்னி முடிந்த கிடுகில் ஓலைக்கும் ஓலைக்கும் இடையே நேர்க்கோட்டில் ஊடுருவ முடியாத சிறு வழிகள் எஞ்சும். நேரே வரும் கதிர் அவற்றுள் நுழையாது. வளைந்து செல்லவல்ல காற்று நுழையும்.

பழந்தமிழர் சாளரத்தைக் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலச் சொல்லும் காற்றின் கண் என்றே பொருள்படும் பழைய சொல்லினின்று வந்தது என மொழியியலார் கூறுவர். புகார் நகர மாளிகைகளின் காலதர்கள் மானின் கண்ணை ஒத்த துளைகளை உடையன எனச் சிலப்பதிகாரம் குறிப்பிடுவதும் ஈண்டு நினையத்தக்கது. ஒளி முழுவதும் புகும் திறப்பாகவன்றி, சிறு துளைகளையுடைய தடுப்பாகவே சாளரம் கருதப்பட்டிருந்தது. நன்னூலாரோ நெய்யரியைக் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கினார். தென்னையின் பன்னாடையாகிய அது, நல்லதைக் கீழே விட்டுக் கசடைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ளுமாம். மாணாக்கனிடத்துக் குற்றமாகும் இப்பண்பு நிழற்றிரையிடத்துக் குணமாகின்றது என்பதைப் பவணந்தியார் ஆராயவில்லை. அது அவர் விடயமுமன்று.

இனி உலோகப் பின்னலின் வரலாற்றுக்கு வருவோம். அது நிழலுக்காகப் பிறந்ததன்று. கம்பியை நூலாகக் கொண்டு தறியில் நெய்யும் தொழில் ஐரோப்பாவில் அரிப்புக்காகவும் காகிதத்துக்காகவும் வளர்ந்தது. 1799 இல் பிரான்சு நாட்டவரான நிக்கொலா லூயி றொபேர் காகித இயந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவ்வியந்திரத்திற் காகிதக் கூழ் ஓடும் கம்பி வலையின்மேற் பரப்பப்பட்டது. நீர் வடிந்தது, நார் தங்கியது. 1815 இல் ஹம்பிறி டேவி சுரங்கத் தொழிலாளரின் விளக்கைக் கம்பி வலையாற் சூழ்ந்தார். ஒளி வெளியே சென்றது. சுடரோ வலையைத் தாண்டிச் சுரங்க வாயுவைப் பற்றவில்லை. வெப்பத்தைத் தன்பால் இழுத்து ஆற்றிவிடும் வலையின் ஆற்றல் ஆயிரக்கணக்கான உயிர்களோடு தொடர்புபட்டது இங்ஙனமே. ஐக்கிய அமெரிக்காவில் 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, தென்மாநிலச் சந்தையை இழந்த கனெற்றிக்கற் மாநிலத்து கில்பேட் அன்ட் பெனற் நிறுவனம், அரிப்புக்கென நெய்த கம்பித்துணிக்கு வர்ணம் பூசி யன்னல் வலையாக விற்றது என்பர். போர் ஒன்று சந்தையை அடைத்தமையால் ஒரு பொருள் தன் பயனை மாற்றிக்கொண்டது. யாழ்ப்பாணத்தவர்க்கு இது விளங்காத கதையன்று. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் அதே நாட்டில், வெயிற் கோணத்துக்கேற்பச் சாய்ந்த மெல்லிய வெண்கலத் தகடுகளை நெய்து அமைத்த கூல்ஷேட் என்னும் யன்னற்றிரை விற்பனையாயிற்று. நிழலுக்கென்றே உலோகம் நெய்யப்பட்டமைக்கு அது தெளிவான சான்றாகும்.

பெருங்கட்டடங்களில் உலோக நெசவுக்குப் பெரும் பெயர் ஈட்டிக் கொடுத்தவர் பிரான்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் டொமினிக் பெறோ. பாரிசில் அவர் வடிவமைத்து 1995 இல் திறப்புவிழாக் கண்ட தேசிய நூலகத்தின் உட்புறத்தே துருப்பிடியா உருக்கு வலைகள் திரைகளாகவும் விதானங்களாகவும் தொங்கவிடப்பட்டன. அவ்வலைகளை நெய்தது ஜேர்மனியின் டியூரன் நகரில் 1925 இல் தோன்றிய கம்பி நெசவு நிறுவனமொன்றாகும். காகித ஆலைகள் நிறைந்த நகரம் அது. காகிதக் கூழை வடித்த நெசவே நூலகத்துக்குத் திரையாயிற்று என்பது சுவையான பொருத்தம். ஆனால் அந்நூலகமே ஒரு பாடமும் புகட்டுகின்றது. நான்கு கண்ணாடிக் கோபுரங்களில் நூல்களை அடுக்கிவைப்பதென்ற திட்டம் கடுங் கண்டனத்துக்குள்ளாயிற்று. வெயில் நூலைத் தின்னும். அதனைத் தடுக்கக் கண்ணாடியின் உட்புறத்தே மரத் தட்டிகள் அமைக்கப்பட்டன. நூலின்மேல் வெயில் விழாதுதான். எனினும் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை உட்டிரை திருப்பி அனுப்பாது. கதிரொளியைக் கண்ணாடி உள்ளே விடும். அவ்வொளியாற் சூடேறிய பொருள்கள் உமிழும் நெட்டலை வெப்பத்தை வெளியே விடாது. ஆகவே திரை கண்ணாடிக்கு வெளியே நிற்றல் வேண்டும். வெளியே நிற்கும் உலோகத் திரை தானும் சூடேறும். ஆயினும் இருபுறமும் காற்றுப் படுவதால் அச்சூடு வெளியிலேயே கழியும். எமது வேலியும் தட்டியும் சுவருக்கு வெளியே நின்றமையின் நுட்பம் இதுவே.

அங்ஙனமாயின் அவை மறைந்ததேன்? நாகரிக மோகம் என்று பழிப்போர் உளர். அது எளிய விடை, முழுமையான விடையன்று.

கிடுகு வேலி தனித்து நின்ற பொருளன்று. தோட்டச் செய்கையோடு பிணைந்த பொருள். செம்மண் நிலமாகிய கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பகுதிகளில் வேலியிலிருந்தும் கூரையிலிருந்தும் பிடுங்கிய பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாயிற்று. புகையிலையும் வெங்காயமும் அவ்வுக்கலில் விளைந்தன. ஆகவே ஆண்டுதோறும் வேலியடைத்தல் வீண்செலவன்று. நிழலாக நின்ற ஓலை மறுபோகத்துக்கு உரமாகும் சுழற்சி அது. இரசாயனப் பசளை பெருகியதும் ஓலையின் இரண்டாம் பயன் குறைந்தது. எஞ்சியது அடைக்கும் கூலி மட்டுமே. 1970 – 1977 காலத்தில் இறக்குமதித் தடையினால் வெங்காயமும் மிளகாயும் நல்விலை பெற்றன. தோட்டக்காரர் கையிற் சேர்ந்த பணம் கல்வீடாகவும் மதிலாகவும் மாறுவதற்கு அக்காலம் துணைசெய்தது. கல்வீடு மதிப்பின் அடையாளம். நெடுங்காலம் மண்வீட்டிலும் ஓலைக் கொட்டிலிலும் வைக்கப்பட்டிருந்தோர்க்கு அது உரிமையின் அடையாளமுங்கூட. அவர்களை நோக்கி ஓலையின் குளிர்ச்சியைப் புகழ்ந்துரைப்பது அறமாகாது. வேலி நிழல் மட்டும் தந்ததன்று. பெண்ணை உள்ளே வைத்தது, சாதியை வெளியே வைத்தது, ஓரடி நிலத்துக்காக உடன்பிறந்தாரை நீதிமன்றுக்கு அனுப்பியது. இவற்றை மறந்து வேலியைப் பாடுவோர் வரலாற்றைப் பாடுபவரல்லர்.

போர் இப்போக்கை ஒருகாற் புரட்டியது. 1990 முதல் நிலவிய பொருளாதாரத் தடையில் சீமெந்தும் இரும்பும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. ஓடு உடைந்த வீடுகளுக்கு மீண்டும் கிடுகே கூரையாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது அடைப்பாரற்ற வேலிகள் உக்கின. 1996 இல் திரும்பியோர் பலர் தம் வளவின் எல்லையையே தேடவேண்டியிருந்தது. பதுங்குகுழிகளுக்காகவும் அரண்களுக்காகவும் தறிக்கப்பட்ட பனையும் தென்னையும் கணக்கிலடங்கா. 2009 இன் பின்னர் எழுந்த வீடுகள் சீமெந்துக் கல்லும் தகரமும் அலுமினியச் சட்டமிட்ட கண்ணாடி யன்னலும் கொண்டு எழுந்தன. விரைவாகக் கூரை வேண்டியிருந்த மக்களுக்கு வேறு வழியிருந்ததென்று சொல்வதற்கில்லை. ஆயின் அவ்வீடுகளின் மேற்குச் சுவருக்கு வெளியே எதுவுமில்லை. உள்ளே திரைச்சீலை தொங்குகின்றது. மாலை முழுவதும் வெயிலை உண்ட சுவர் இரவெல்லாம் அதனை உமிழ்கின்றது. மின்விசிறி அச்சூட்டையே சுழற்றுகின்றது. நாம் இழந்தது ஓலையையன்று, சுவருக்கு வெளியே நின்ற அந்தப் புறத்தோலை.

இப்புறத்தோலை உலோகத்தால் மீட்கலாமா என்ற வினாவுக்குக் கோப்பாயின் நிலவமைப்பே முதலில் மறுமொழி கூறும். கிழக்கே உப்பங்கழி, அதன்வழி வரும் காற்றில் உப்புண்டு. நாகம் பூசிய சாதாரண வலை அக்காற்றில் நெடுங்காலம் தாங்காது. துருப்பிடியா உருக்கிலும் எல்லாம் ஒருதரமல்ல; மொலிப்டினம் கலந்த 316 ஆம் தரமே குளோரைட்டை ஓரளவு எதிர்த்து நிற்கும். அதன் விலையோ தோட்டக்காரர் வீட்டுக்கு எட்டாதது. நாற்றுமேடைக்கென வந்த பச்சை நிழல்வலையைப் பலர் விறாந்தைக்கு முன்னே கட்டியிருப்பதைக் காண்கின்றோம். அறியாமலே பழைய தட்டியின் இடத்துக்குத் திரும்பியிருக்கின்றனர். ஆனால் அந்நெகிழி வெயிலில் நொருங்கி மண்ணிற் கலந்தால் உரமாகாது.

எனவே பாடசாலை, மருத்துவமனை, நூலகம் முதலிய பொதுக் கட்டடங்களுக்கு உலோக வலை பொருந்தும். பல்லாண்டு நிற்பதால் அதன் விலை அங்கு ஈடாகும். வீட்டுக்கு வேறொன்று போதும். மேற்குச் சுவரிலிருந்து ஒரு முழம் விலக்கி இரும்புச் சட்டமொன்றை நிலையாக நிறுத்தி, அதனுட் கிடுகைக் கட்டலாம். சட்டம் நிற்கும், கிடுகு மாறும். தென்மராட்சியிலும் பச்சிலைப்பள்ளியிலும் தென்னை இன்னும் உண்டு. பின்னத் தெரிந்த கைகளும் உண்டு, பெரும்பாலும் முதிய பெண்களுடையவை. ஒரு கிடுகுக்கு அவர்கள் பெறும் கூலி, சீமெந்துக் கல் அரிபவரின் கூலியோடு ஒப்பிடத் தக்கதாக உயரும்வரை அக்கைகளிடமிருந்து இளையோர் எவரும் அத்தொழிலைக் கற்கப்போவதில்லை.