வாதாபிக்குப் பின்: கயிலாசநாதர் கோயில் கன்னடக் கல்வெட்டும் பகைமன்னர் கதையும்

பல்லவ–சாளுக்கியப் பகையைத் தமிழரிடையே பரவலாகக் கொண்டுசென்றவை இரண்டு ஆக்கங்கள். ஒன்று, 1944இல் 'கல்கி' இதழில் எழுத்தாளர் கல்கி தொடராக எழுதத் தொடங்கிய 'சிவகாமியின் சபதம்'. மற்றொன்று, மு. கருணாநிதி வசனம் எழுதி, ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆர். நடித்து 1963இல் வெளிவந்த 'காஞ்சித் தலைவன்'. பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கும் சாளுக்கிய மன்னன் புலிகேசிக்கும் நடந்த மோதலே இரண்டுக்கும் பொருள். சோராப் மோடியின் இந்திப் படமான 'சிக்கந்தர்' (1941) இதே வகைக் கதையை வேறிடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது: வென்ற சிக்கந்தர், தோற்ற போரஸுக்கே நாட்டைத் திருப்பித் தருகிறான். தமிழில் இக்கதை சாளுக்கியத் தலைநகர் வாதாபி எரிவதில் முடிந்துவிடுகிறது. காஞ்சிக் கல்லில் அது முடியவில்லை.

கல்கியின் வாசிப்பை விரிவாகப் பார்க்க வேண்டும். பின்வந்தோர் பலரும் அதன் வழியாகவே அந்தக் காலத்தைக் கண்டனர். அவர் சாளுக்கியரைக் கலையின் பகைவராக நிறுத்துகிறார். காஞ்சியிலிருந்து திரும்பும் புலிகேசியின் படை சிற்பிகளைக் கொடுமைப்படுத்துகிறது, கதைநாயகி சிவகாமி சிறைப்படுகிறாள், வாதாபி அழிந்தாலன்றி அந்நகரை விட்டு வெளியேறுவதில்லை எனச் சபதம் செய்கிறாள். கதைக்குச் சான்றுத் தளம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்கினான் என்கிறது அய்கொளெக் கல்வெட்டு (கி.பி. 634–35). பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய போர்களில் நரசிம்மன் வென்றதைக் கூரம் செப்பேடு பேசுகிறது. பல்லவத் தளபதி பரஞ்சோதி வாதாபியை அழித்துப் பெரும்பொருள் கொணர்ந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. ஆனால் அவரை ஏவிய மன்னன் பெயரை அது தரவில்லை. புள்ளலூர்ப் போரில் நரசிம்மனின் தந்தை மகேந்திரவர்மன் வென்ற பகைவர் யார் என்பதைக் காசாக்குடிச் செப்பேடும் சொல்லவில்லை. இந்த இடைவெளிகளைக் கல்கி கற்பனையால் நிரப்பியது நாவலாசிரியரின் உரிமை. அந்தக் கற்பனையை வரலாறாக எடுத்துக்கொண்டு, 642ஐ ஒட்டிய வாதாபி வெற்றியையே பகையின் முடிவாகக் கொள்வதுதான் ஏற்க இயலாதது.

காஞ்சிபுரத்தின் மேற்கெல்லையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய, இராசசிம்மேச்சுரம் எனப்பட்ட கயிலாசநாதர் கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றின் பின்புறத்தில் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன் எழுத்துகள் சில இடங்களில் சிதைந்துள்ளன, பொருள் தெளிவானது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் (இரண்டாமவன்) காஞ்சியைக் கைப்பற்றி, இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைப் பார்வையிட்டு, அதைக் கவராமல் இறைவனுக்கே விட்டான் என்கிறது. இவ்வெழுத்துகளை அழிப்போர், இந்நகரத்துக் கடிகையின் மகாசனங்களைக் கொன்றவர் அடையும் உலகை அடைவர் என்பது அதன் சாபம்.

வென்றவன் தன் பெருமையைத் தானே பொறித்துக்கொண்டான், அவ்வளவுதான் என்று இதை ஒதுக்கலாம். அவன் மகன் கீர்த்திவர்மன் காலத்துக் கேந்தூர்ச் செப்பேடும் (கி.பி. 750) இதையே புகழ்ந்து பாடுவதால் அந்த ஐயம் வலுக்கும். ஆயினும் இரண்டு செய்திகள் அந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. ஒன்று, சாபத்தின் அளவுகோல் காஞ்சியின் கடிகை. கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவம் போன்ற பொது வாய்பாட்டை விட்டு, இவ்வூர்க் கல்விக்கழகத்தின் பெயரைச் சொல்ல, இவ்வூரில் எது புனிதம் என்று அறிந்தவர் உடனிருந்திருக்க வேண்டும். கோயிலாரும் சேர்ந்து வகுத்த வாசகமாக இது இருக்கலாம். நேரடிச் சான்று இல்லையெனினும், கன்னடம் படிக்கும் படையினருக்கு இடப்பட்ட தடையாகக் கொண்டால்தான் மொழித் தேர்வும் பொருந்துகிறது.

மற்றொன்று இன்னும் வலுவானது. காஞ்சியை மீட்டு நெடுங்காலம் ஆண்ட இரண்டாம் நந்திவர்மன் இக்கல்வெட்டைச் செதுக்கி அழிக்கவில்லை. தோல்வியைச் சொல்லும் தூண் பல்லவர் கோயிலிலேயே நின்றது. நரசிம்மவர்மன் தன் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில் பாதாமிப் (வாதாபி) பாறையில் பொறித்த வெற்றிக் கல்வெட்டும் இப்படியே பகைவர் மண்ணில் எஞ்சியது. எதிரியின் எழுத்தை விட்டுவைக்கும் வழக்கம் இருபுறமும் இருந்திருக்கிறது. நாவலும் படமும் இதைத் தொடவே இல்லை.

சாளுக்கியர் கலைப்பகைவர் என்ற கூற்றை அவர்கள் கோயில்கள் எழுப்பிய பட்டடக்கல் உடைக்கிறது. விக்கிரமாதித்தன் காஞ்சியை மும்முறை வென்றதைக் குறித்து அவன் தேவி லோகமகாதேவி எழுப்பிய விரூபாக்கர் கோயில், கயிலாசநாதர் கோயிலின் அமைப்பைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

இக்கல்வெட்டு அம்மூன்று படையெடுப்புகளில் எதைச் சார்ந்தது என்பது தீரவில்லை. விக்கிரமாதித்தன் இளவரசனாகவே ஒருமுறை காஞ்சியில் திறை கொண்டான். தூணில் அவனுக்குப் பேரரசப் பட்டங்கள் இருப்பதால், அவன் முடிசூடிய 733–34க்குப் பின்னரே அது பொறிக்கப்பட்டிருக்கும். சக ஆண்டோ ஆட்சியாண்டோ அதில் இல்லை. கேந்தூர்ச் செப்பேடு நந்திவர்மனுக்கு எதிரான போரோடு இந்நிகழ்வை இணைப்பதால், விக்கிரமாதித்தன் ஆட்சி முடிந்த 744–45க்கு முற்பட்ட ஏதோ ஓர் ஆண்டு என்ற வரம்போடு நிற்பதே முறை.