நீலகிரித் தைலம் எந்த ஊர்?

திருப்பூர்ப் பக்கத்து வீடு ஒன்றுக்குள் ஆஸ்திரேலியா எவ்வளவு இருக்கிறது? கேட்டோரம் சிவப்பாகப் பூத்துத் தொங்கும் பாட்டில் பிரஷ் மரம். போர்டிகோக் கூண்டில் லவ் பேர்ட்ஸ். அலமாரியில் நீலகிரித் தைலம். மூன்றுக்கும் பூர்வீகம் அந்தக் கண்டம்தான்.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கிவருவது பெரும்பாலும் பட்ஜெரிகர். நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கக் கிளிகள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழையைத் துரத்திக் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பட்ஜெரிகரை, 1840இல் ஜான் கூல்ட் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கூண்டுப்பறவையாக உலகம் சுற்றியது அதற்குப் பிறகு. பாட்டில் பிரஷ்ஷின் கதை வேறு. அதன் தேனை அங்கே உண்ணும் பறவைக் குடும்பம் இங்கே கிடையாது. நம்ம ஊர்த் தேன்சிட்டு அந்த வேலையைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது.

தைலம் மட்டும் அவ்வளவு சாதுவான விருந்தாளி இல்லை. குடியேறிய வெள்ளையர்கள் விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நீலகிரியில், 1843இல் கேப்டன் காட்டன் வெலிங்டனில் யூகலிப்டஸ் நட்டார். வேகமாக வளர்ந்து விறகு தந்தது. சோலைக்கு மாற்றாகத் தொடங்கியது, பின்னாளில் புல்வெளிகளின் மேலும் ஏறியது. சுதந்திரத்துக்குப் பிறகு தேவையும் மாறியது. பவானிக் கரையில், சிறுமுகையில் இயங்கிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை, மலையிலிருந்து வந்த மரத்தைக் கூழாக்கி ரேயான் இழை எடுத்தது. பனியனும் டீ-சர்ட்டும் தைக்கிற ஊர்க்காரனுக்கு இது தூரத்துக் கதை இல்லை. மரம் துணியாகும் என்பது எங்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

தெரியாத கணக்கு தண்ணீருடையது. உதகையின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையத்தார் க்ளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்தாண்டில் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். நீலகிரியின் வடசரிவுத் தண்ணீர் மோயாறாகிப் பவானிசாகரில் சேர்கிறது. எங்க ஊர்க் குழாய்களும் பல வருஷமாகப் பவானியை நம்பித்தான் இருக்கு.

மரத்தைத் திட்டிப் பயனில்லை. அதை நட்டது மனிதர்கள். 'நீலகிரித் தைலம்' என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டதும் நாம்தான். அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு நீலகிரி என்றாலே உயரமான, வாசம் வீசும் மரங்கள்தான் கண்ணில் வருகின்றன. அதற்கு முன் அங்கே இருந்த புல்வெளி நினைவில் இல்லை. மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது முழங்காலளவு வளர்கிற அந்தப் புல்தான். தோட்டத்தில் பாட்டில் பிரஷ் தாராளமாக நிற்கட்டும். மலையுச்சியில் அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கிறோம் என்று யாராவது சொன்னால், அதை ஊட்டிக்காரர் பிரச்சினை என்று தாண்டிப் போகாமல் இருக்கலாம். அந்தப் புல்லின் கணக்கில் நம்ம வீட்டுக் குடமும் இருக்கிறது.