மிதிலை ஓவியம் கற்பிக்கப்பட்ட வரலாறு

மிதிலை ஓவியம், பிகார் மாநிலத்தின் வடபகுதியிலும் அதை ஒட்டிய நேபாளத் தராய்ப் பகுதியிலும் பெண்கள் வரைந்து வரும் மரபு ஓவியம். மதுபனி மாவட்டத்தின் பெயரால் மதுபனி ஓவியம் என்றும் அழைக்கப்படுகிறது. நெடுங்காலம் தாயிடமிருந்து மகளுக்கு என வீட்டுக்குள்ளேயே கற்பிக்கப்பட்ட இக்கலை, கடந்த அறுபது ஆண்டுகளில் சாதி எல்லையைக் கடந்து பலரும் பயிலும் கலையாக மாறியது.

வீட்டுக்குள் பயிற்சி

திருமணத்தின்போது மணமக்கள் தங்கும் அறை 'கோஹ்பர்' எனப்படும். அதன் மண் சுவரில் தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி ஆகியவற்றைப் பெண்கள் வரைவர். இவை வம்ச விருத்தியைக் குறிப்பவை. நோன்பு நாட்களில் அரைத்த அரிசி மாவைக் கரைத்து, விரலால் தரையில் இடும் கோலம் 'அரிபன்' எனப்படும்.

இதற்கெனத் தனிப் பாடம் எதுவும் இல்லை. சிறுமி முதலில் அருகில் அமர்ந்து பார்ப்பாள். பிறகு பெரியவர்கள் இட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவாள். கை பழகிய பின்னரே தானாகக் கோடு இழுப்பாள். மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சு சுற்றித் தூரிகை செய்வது, விளக்குக் கரியிலிருந்து கருப்பும் மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும் இலைச்சாற்றிலிருந்து பச்சையும் எடுப்பது ஆகியவையும் இந்தப் பயிற்சியில் அடங்கும்.

சுவர் ஓவியம் நிலைப்பதில்லை. மழையில் கரையும், அடுத்த விசேஷத்துக்குச் சுவரை மெழுகும்போது மறையும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் கற்றுக்கொண்டால் மட்டுமே இக்கலை தொடர முடிந்தது.

சுவரிலிருந்து தாளுக்கு

1934 ஜனவரி 15 அன்று பிகாரைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தில் பல வீடுகள் இடிந்தன. அப்போது மதுபனியில் அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இருந்த ஓவியங்களைக் கண்டார். அவற்றைப் பற்றி 1949-இல் 'மார்க்' இதழில் கட்டுரை எழுதினார். அதன் வழியாக இவ்வோவியம் வெளியுலகுக்கு அறிமுகமானது.

1966–67-இல் பிகாரில் கடும் வறட்சி ஏற்பட்டது. பெண்களுக்கு வருமானம் கிடைக்க, புபுல் ஜெயகரின் முயற்சியால் ஓவியர் பாஸ்கர் குல்கர்னி மிதிலைக்கு அனுப்பப்பட்டார். சுவரில் வரைவதைத் தாளில் வரையும்படி அவர் பெண்களை ஊக்குவித்தார். சீதா தேவி, கங்கா தேவி, மகாசுந்தரி தேவி, ஜகதம்பா தேவி முதலியோர் இக்காலத்தில் புகழ்பெற்றனர். ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சாதி எல்லைகள்

தாளில் முதலில் வரைந்தவர்களில் பெரும்பாலோர் பிராமண, காயஸ்தக் குடும்பத்துப் பெண்கள். வண்ணம் நிரப்பும் 'பர்னி' பாணி பிராமணப் பெண்களிடமும், நுண்கோடுகளால் ஆன 'கச்னி' பாணி காயஸ்தப் பெண்களிடமும் சிறந்து விளங்கின. ஒடுக்கப்பட்ட துசாத் சமூகப் பெண்கள் 1970களில் வரையத் தொடங்கினர். ஜெர்மானிய மானிடவியலாளர் எரிகா மோசர் அவர்களை ஊக்குவித்தார். சானோ தேவி முதலியோர் தம் உடலில் குத்திக்கொள்ளும் பச்சையின் வடிவங்களையே தாளுக்குக் கொண்டுவந்தனர். இதுவே 'கோத்னா' பாணி. தம் சமூகம் வழிபடும் ராஜா சல்ஹேஷின் கதையை அவர்கள் வரைந்தனர். இப்பாணியில் வரையும் சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதியர் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றனர்.

துலாரி தேவி

ராந்தி கிராமத்தின் துலாரி தேவி, மல்லா என்னும் மீனவச் சமூகத்தைச் சேர்ந்தவர். பள்ளிக் கல்வி பெறாதவர். சிறுவயதில் மணமாகி, பிறந்த குழந்தையையும் இழந்து தாய்வீடு திரும்பினார். அதே ஊரில் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வீட்டுவேலை செய்தார். அங்கே ஓவியம் வரைவதைப் பார்த்துப் பார்த்து ஆர்வம் கொண்டு, மகாசுந்தரி தேவியிடமும் கற்பூரி தேவியிடமும் முறையாகப் பயின்றார். காயஸ்தர் வீட்டுக் கலை, அவ்வீட்டில் பாத்திரம் கழுவிய பெண்ணுக்கும் உரியதாயிற்று. பின்னர் அவரே பலருக்கும் கற்பிக்கும் ஆசிரியரானார்.

அவருடைய வாழ்க்கைக் கதையை அவர் வரைந்த ஓவியங்களுடன் சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் ஆங்கில நூலாக வெளியிட்டது. 2021-இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் பரிசளித்த மதுபனி ஓவியப் புடவையை அணிந்தே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார்.

பயிலகங்கள்

2003-இல் மதுபனியில் மிதிலா ஆர்ட் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. மூத்த கலைஞர்கள் ஆசிரியர்களாக இருந்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் கட்டணமின்றிக் கற்பித்தனர். புராணக் காட்சிகளோடு வரதட்சணை, பெண் சிசுக் கொலை போன்ற சமூகச் சிக்கல்களையும் மாணவர்கள் வரைந்தனர். 2007-இல் மதுபனி ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது.

தொடர்ச்சி

கங்கா தேவி தில்லி கைவினை அருங்காட்சியகத்தின் சுவர்களில் கோஹ்பர் அறை ஒன்றை வரைந்திருந்தார். 1991-இல் அவர் மறைந்தார். 2015-இல் நடந்த சீரமைப்புப் பணியில் அவ்வோவியம் அழிந்துபோனது. அவர் வரைந்த சுவர் இன்று இல்லை. ஆனால் அவர் தாயிடம் கற்ற கச்னிக் கோடுகளை, இன்று வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் மூத்த கலைஞர்களிடம் கற்று வரைந்து வருகிறார்கள்.